எதிர்பாராச் சிறப்பு

தை பிறந்த கையோடு, ஒரு திங்கட்கிழமை காலையில், செம்பியநத்தம் காளியம்மாளின் ஒன்றரை ஏக்கர் நன்செய் பஞ்சநதத்துக்குச் சொந்தமாகிவிட்டது. அவள் விற்கவில்லை, அவர் வாங்கவில்லை. கொள்முதல் நிலையத்தில் நெல் போடுவதற்குப் பட்டா நகல் வேண்டுமென்று அவள் தாலுகா அலுவலகத்தில் போய் வரிசையில் நின்றாள். அச்சு இயந்திரம் ஒரு தாளைத் துப்பியது. பட்டாதாரர் என்ற இடத்தில் பஞ்சநதம் என்று இருந்தது. அவ்வளவுதான் நடந்தது.

காளியம்மாள் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள். இரண்டு தரம் படித்தாள். பிறகு ஜன்னலுக்குள் தலையை நீட்டினாள்.

"இது யாரு நெலங்க?"

"சர்வே நம்பர் ஒன்னோடதுதானே?" என்றார் எழுத்தர்.

"ஆமா."

"அப்பறம் என்ன? அதுல யாரு பேரு இருக்கோ அவங்க நெலம். கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா."

அந்த நிலம் ஒரு காலத்தில் பஞ்சநதத்தின் அப்பா கணக்கில் இருந்ததுதான். உச்சவரம்புச் சட்டம் வந்து, மிச்ச நிலத்தை எடுத்து, பண்ணையில் உழுதவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தபோது காளியம்மாளின் மாமனாருக்கு அது கிடைத்தது. சட்டம் வந்ததற்கும் நிலம் வந்ததற்கும் நடுவே கோர்ட்டுத் தடை, போலீஸ் வேன், எரிந்துபோன ஒரு வைக்கோல்போர், மாமனாரின் உடைந்த முழங்கை எல்லாம் இருந்தன. சாகும்வரை அந்தக் கையை அவரால் முழுதாக நீட்ட முடிந்ததில்லை. மடக்கிய கையோடுதான் நாற்று நட்டார்.

பஞ்சநதம் பேராசைக்காரர் என்று சொல்லிவிட முடியாது. தானாக வருவதை வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் மட்டும் அவர் குடும்பத்தில் இல்லை. செய்தி காதில் விழுந்த அன்றே ஆள்விட்டுச் சொல்லியனுப்பினார்: தை கடைசித் திங்கட்கிழமை அறுப்பு மெஷின் வரும், யாரும் குறுக்கே வர வேண்டாம்.

காளியம்மாள் தஞ்சாவூரில் வேலை பார்க்கும் மகளுக்குப் போன் போட்டாள்.

"ஏண்டி அம்சவல்லி, ஒங்க ஆபீசு கம்ப்யூட்டருக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

அம்சவல்லி வேலை பார்த்த இடம் செந்தமிழ் இயங்குதள வாரியம். உலகமெங்கும் முகம் தெரியாத பலர் கூடி எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்த ஓர் இயங்குதளத்தை எடுத்து, வண்ணம் மாற்றி, 'பொன்னி' என்று பெயர் சூட்டி, இதை நாமே படைத்தோம் என்று அறிவித்த நிறுவனம் அது. டெல்டாவின் தாலுகா அலுவலகங்கள் எல்லாவற்றிலும் பொன்னிதான் ஓடியது. பிறகு ஆட்சி மாறியது. பொன்னி என்ற பெயரில் முந்தைய ஆட்சியின் வாடை அடிப்பதாகச் சொல்லி அதைக் 'காவேரி' என்று மாற்றினார்கள். இரண்டும் ஒரே ஆறுதானே என்று ஒரு கண்காணிப்பாளர் சொன்னார். அவர் இப்போது ஆறே இல்லாத ஓர் ஊரில் பணிபுரிகிறார்.

அம்சவல்லி பெங்களூரில் நல்ல வேலையில் இருந்தவள். நம் மண்ணில், நம் மொழியில் ஓர் இயங்குதளம் என்ற விளம்பரத்தைப் பார்த்து, மனம் பொங்கி, ஒப்பந்தப் பொறியாளராக வந்து சேர்ந்தாள். வந்த பிறகு அவளுக்குக் கொடுக்கப்பட்ட முக்கியமான பணி, கணினி தொடங்கும்போது திரையில் தோன்றும் தலைவர்களின் படங்கள் சரியான உயர வரிசையில் இருக்கின்றனவா என்று பார்ப்பது.

அம்மா சொன்னதைக் கேட்டவுடன், தாலுகா கணினியில் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் நிலப் பதிவேட்டில் காளியம்மாளின் பெயர் அப்படியே இருந்தது. அச்சிடும்போது மட்டும் மாறியது. அதுவும் எப்போதும் இல்லை. அலுவலகத்தில் கூட்டம் அதிகமாகி, கணினி மூச்சுத் திணறும்போது மட்டும். அப்படியானால் கோளாறு பட்டாவில் இல்லை, பட்டா நிரலிலும் இல்லை, அடியில் இருக்கிறது. கெர்னலில் இருக்கிறது.

கெர்னல் என்பது இயங்குதளத்தின் அடிநிரல். மற்ற நிரல்களுக்கு நினைவகத்தில் எழுத இடம் வேண்டுமென்றால் அதனிடம்தான் கேட்க வேண்டும். வேலை முடிந்தால் அதனிடமே இடத்தை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த இடத்தை அது அடுத்தவருக்குக் கொடுக்கும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் வாரியம் அதற்குக் 'கருவறை' என்று பெயர் வைத்திருந்தது. பெயர் வைத்த பிறகு, பெயருக்கு ஏற்ற விதிகளும் வந்துவிட்டன. கருவறை நிரலை யாரும் தூர நின்று பார்க்கலாம். தொடும் உரிமை கருவறைக் குழுவுக்கு மட்டும்.

தூர நின்றே அம்சவல்லி பார்த்தாள். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் பார்த்தாள். பார்த்ததும் சிரிப்பு வந்தது.

பொன்னியின் தொடக்க விழாவின்போது அந்த விழாக் கல்வெட்டைக் கருவறைக்குள்ளேயே பதிக்க வேண்டுமென்று இயக்குநர் ஆணையிட்டிருந்தார். அமைச்சர், தலைமை வகித்தவர், முன்னிலை வகித்தவர் என்று எல்லாப் பெயர்களும் நினைவகத்தில் ஓர் இடத்தில் எழுதிவைக்கப்பட்டன. அவை மங்கிவிடக் கூடாது என்பதற்காக, அவ்வப்போது வந்து பெயர்களைத் திரும்ப எழுதிவிட்டுப் போக ஒரு மெருகு நிரலும் அமர்த்தப்பட்டது. நினைவகத்தில் எழுத்து மங்காது என்று அப்போது யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவரும் ஆறில்லாத ஊருக்குப் போயிருப்பார்.

ஆட்சி மாறியதும் கல்வெட்டை நீக்கச் சொல்லி உத்தரவு. நீக்கினார்கள். அதாவது, இந்த இடம் இனிக் காலி, யாருக்கு வேண்டுமானாலும் கொடு என்று கெர்னலிடம் சொன்னார்கள். மெருகு நிரலிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. அது பழைய முகவரியைக் கையில் வைத்துக்கொண்டு வந்து வந்து எழுதியது. அந்தக் காலி இடம் கூட்ட நேரத்தில் பட்டா நிரலுக்குப் போகும். பட்டா நிரல் அங்கே காளியம்மாள் என்று எழுதிவிட்டு அச்சுக்குக் காத்திருக்கும். மெருகு நிரல் வந்து அதன்மேல் தன் பட்டியலில் உள்ள பெயரை எழுதிவிட்டுப் போகும்.

சரி, அத்தனை பெயர்களில் பஞ்சநதம் மட்டும் ஏன்? மெருகு நிரலின் பட்டியலிலிருந்து பழைய ஆட்சிக்காரர்கள் எல்லாரையும் அடித்துவிட்டார்கள். முன்னிலை வகித்த பஞ்சநதம் மட்டும், ஆட்சி மாறிய வாரமே துண்டின் கரையை மாற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்திருந்தார். அதனால் அவர் பெயரை விட்டுவைத்தார்கள்.

திருத்தம் நாலு வரி. கல்வெட்டை எடுக்கும்போதே மெருகு நிரலையும் நிறுத்து, அதன் கையிலிருக்கும் பழைய முகவரியை அழி. அம்சவல்லி டீ ஆறுவதற்குள் எழுதி முடித்தாள். எடுத்துக்கொண்டு இயக்குநரைப் பார்க்கப் போனாள்.

இயக்குநர் முனைவர் தூக்கியசேவடி. பள்ளிச் சான்றிதழில் குஞ்சிதபாதம். தூய தமிழ்ப் பற்றால் பெயரை மொழிபெயர்த்துக்கொண்டவர். கணினியை அவர் தொட்டதில்லை; அது தட்டச்சர் வேலை என்று கருதினார்.

"ஐயா, கெர்னல்ல ஒரு பிழை இருக்குங்க. ஜனங்க பட்டா பேரு மாறி வருது."

தூக்கியசேவடி கையை உயர்த்தி நிறுத்தினார்.

"முதலாவது, கெர்னல் என்று சொல்லாதே. இரண்டாவது, பிழை என்று சொல்லவே சொல்லாதே. பிழையற்ற இயங்குதளம் என்று மாண்புமிகு அமைச்சர் மானியக் கோரிக்கையில் அறிவித்திருக்கிறார். இப்போது பிழை இருக்கிறது என்றால் யார் பொய் சொன்னதாக ஆகும்?"

"பேரு மாறி வர்றது உண்மைங்கய்யா. அறுப்புக்கு ஆள் வரப் போறாங்க. நாலு வரி மாத்தினா போதும். நானே மாத்திடறேன்."

"நீயா? கருவறைக்குள்ளா?" அவர் முகத்தில் உண்மையான வேதனை தெரிந்தது. "அம்மா, அனைவரும் கருவறைக்குள் செல்லலாம் என்பதுதான் நம் கொள்கை. அதற்காக இயக்கம் எத்தனை மாநாடு நடத்தியிருக்கிறது! ஆனால் கொள்கை வேறு, விதி வேறு. விதிப்படி நீ வெளியே நிற்க வேண்டும்."

அம்சவல்லி வெளியே வந்து நின்றாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உடைந்த குழாயை அடைக்கிறேன் என்றவளைத் தண்ணீருக்கு என்ன பெயர் என்று கேட்பதுபோல் இருந்தது.

மறுநாள் கலைச்சொல் குழு கூடியது. இருப்பதற்குப் பெயர் இல்லாமல் அதை நீக்குவது எப்படி என்பது நியாயமான கேள்விதான். 'பூச்சி' என்றால் வேளாண்மைத் துறை சண்டைக்கு வரும் என்றார்கள். 'வழு' என்றால் வழுக்கை உள்ள உறுப்பினர் ஒருவர் முகம் சுளித்தார். 'கோளாறு' என்பதில் எதிர்க்கட்சியின் தொனி இருந்தது. வடை வந்து, போய், மீண்டும் வந்த பிறகு, மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, எதிர்பாராமல் நடப்பது, இதற்கு முன் எங்கும் நடக்காதது, எனவே இது 'எதிர்பாராச் சிறப்பு' என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

சிறப்பு என்று ஆகிவிட்டதால் அதை நீக்கும் பேச்சு நின்றுபோயிற்று. சிறப்பை யாராவது நீக்குவார்களா? வாரியத்தின் சாதனை மலரில் அதைச் சேர்த்தார்கள். கண்டுபிடித்தவருக்குப் பாராட்டு விழா எடுப்பதென்று முடிவாயிற்று. அரசுத் துறையில் எல்லாம் மெதுவாக நடக்கும் என்பது அவதூறு. விழா என்றால் பந்தல்காரர் மறுநாளே வந்துவிடுகிறார்.

இதற்குள் சிறப்பு பரவிக்கொண்டிருந்தது. தாலுகா அலுவலகத்தில் கூட்டம் கூடக்கூட, பஞ்சநதத்தின் சொத்தும் கூடியது. பேருந்து நிலையம் அவருக்கு வந்தது. பெண்கள் பள்ளிக்கூடம் வந்தது. பாசன வாய்க்கால் தலைமடையோடு வந்தது. ஊர்ச் சுடுகாடும் சேரிச் சுடுகாடும் ஒரே பெயரில் வந்தது அந்தத் தாலுகாவின் வரலாற்றில் முதல்முறை. ஒரு நாள் வாரியம் தன் சொந்தக் கட்டடத்தின் பட்டாவை எடுத்துப் பார்த்தது. அதுவும் அவர்தான். பஞ்சநதம் நேரில் வந்து, தூண்களைத் தட்டிப் பார்த்து, "சன்னல் கொஞ்சம் சின்னதா இருக்கே" என்றார். தூக்கியசேவடி தம் நாற்காலியிலிருந்து எழுந்து அவரை உட்காரவைத்தார். இயந்திரம் தந்த உரிமைக்கு மரியாதை செய்யத்தானே வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அம்சவல்லி ஊருக்குப் போனாள். பாபநாசம் தாண்டியதும் இருபுறமும் கதிர் தலைசாய்ந்து நின்றது. வயல் வரப்பில் அம்மா உட்கார்ந்திருந்தாள். ஆட்டை விரட்டுவதுபோல் பாவனை, உண்மையில் காவல்.

"ஒங்க ஆபீசுல என்னதாண்டி சொல்றாங்க?"

அம்சவல்லி சொன்னாள். கம்ப்யூட்டருக்குள் எழுத இடம் உண்டு, ஒருவர் விட்டதும் அடுத்தவருக்குப் போகும், விட்டுப்போனவர் திரும்ப வந்து எழுதக் கூடாது, இங்கே ஒருவர் வந்து எழுதிக்கொண்டே இருக்கிறார் என்றாள்.

"பஞ்சநதத்தோட அப்பனும் அப்படித்தான்" என்றாள் காளியம்மாள். "கோர்ட்டுல தோத்துட்டு ராவோட ராவா வந்து வரப்ப வெட்டுவாரு. சரி, அத நிறுத்தத் தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

"பின்ன ஏன் நிறுத்தல?"

"எனக்கு அனுமதி இல்லம்மா."

காளியம்மாள் மகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒங்க தாத்தா இந்த வயலுக்குள்ள ஏர் எறக்குன அன்னைக்கு அனுமதி வாங்கிட்டா எறக்குனாரு?"

அம்சவல்லி எழுந்து பையை எடுத்தாள். பேருந்தில் திரும்பும்போது முகம் சுட்டது. பெங்களூரில் ஒரு பிழை என்றால் யார் முதலில் அடைப்பது என்று போட்டி போடுவார்கள். இங்கே கையில் திருத்தத்தை வைத்துக்கொண்டு, அனுமதி அனுமதி என்று ஒவ்வொரு கதவாக நின்றோமே என்று இருந்தது.

பாராட்டு விழா சனிக்கிழமை மாலை நடந்தது. வாழைமரம், நாதஸ்வரம், ஆளுயர மாலை. தலைமை பஞ்சநதம், கண்டுபிடிப்பின் நாயகர் அவர்தானே. தூக்கியசேவடி ஒலிபெருக்கியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு தொடங்கினார்.

"பிழை பிழை என்று பிதற்றுகிறார்கள் சிலர்! பாமரரின் பட்டாவில் பஞ்சநதனாரின் பெயர் பளிச்சிடுவது பிழையா? இல்லை தோழர்களே, அது பகிர்வு! இதுவரை நிலத்தில் உழைத்தவன் பெயர் மட்டும்தான் இருந்தது. உழைக்காதவர் ஒதுக்கப்பட்டார். இன்று அவரும் உள்ளே வந்திருக்கிறார். ஒருவரையும் ஒதுக்காத இதுவன்றோ சமத்துவம்! நிலத்தை மக்களுக்கு வழங்கினோம். வழங்கியதை யார் பெயரில் வைத்திருக்கிறோம் என்று கேட்பது நாகரிகமா? இந்த வாரியம் தோன்றிய நாள் முதல் இயங்குதளத்தில் ஒரு வரியைக்கூட நாங்கள் எழுதியதில்லை. அந்தத் தூய்மையை இனியும் காப்போம்!"

கைதட்டினார்கள். பஞ்சநதம் அம்சவல்லிக்குப் பொன்னாடை போர்த்தினார். போர்த்தும்போது, "காளியம்மா மகதானே நீ? நல்லா வந்துட்ட. எங்க பண்ணை ராசி" என்றார்.

நன்றி சொல்ல அவளிடம் ஒலிபெருக்கியைக் கொடுத்தார்கள். அவள் பொன்னாடையைக் கழற்றி, மடித்து, மேசைமேல் வைத்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். இது சிறப்பு இல்லைங்க. பிழை. கெர்னல் பிழை. எங்க அம்மா நெலத்துல இன்னொருத்தர் பேரு வருது. ஒங்க வீட்டுப் பட்டாலயும் வரும். போய் எடுத்துப் பாருங்க. திருத்தம் எங்கிட்ட இருக்கு. நாலு வரி. போடறதுக்கு இவங்க விடல. திங்கக்கிழமை தாலுகா ஆபீசுல..."

ஒலிபெருக்கி அணைந்தது. நாதஸ்வரக்காரர்கள் யாரும் சைகை காட்டாமலே வாசிக்கத் தொடங்கினார்கள், பழகியவர்கள். ஆனால் முன்வரிசையிலிருந்து சில பேர் எழுந்து போவதை அம்சவல்லி பார்த்தாள். தங்கள் பட்டாவை எடுத்துப் பார்க்கத்தான் போனார்கள்.

திங்கட்கிழமை குறைதீர் நாள். தாலுகா அலுவலக வாசலில் வழக்கத்தைவிடப் பலமடங்கு கூட்டம். செம்பியநத்தத்துப் பெண்கள் காலையிலேயே வேனில் வந்து இறங்கியிருந்தார்கள். காளியம்மாள் மட்டும் வரவில்லை. அறுப்பு மெஷின் வரும் நாளும் அதுதான், அவள் வயலில் நின்றாள்.

துணைத் தாசில்தார் மெஹராஜ் பேகம் ஐம்பதைத் தாண்டியவர். மனுக்களின் நடுவே மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அம்சவல்லியைப் பார்த்தார்.

"நீதான் மேடையில பேசுன பொண்ணா? வாம்மா. ஒக்காரு. ஒன்னால சரி பண்ண முடியும்னு நெஜமாவே சொல்றியா?"

"முடியும் மேடம். ஆனா வாரியத்துல அனுமதி குடுக்கல. இந்த கம்ப்யூட்டர் ஒங்க பொறுப்புல இருக்கு. நீங்க சரின்னு சொன்னா போடலாம். அப்பறம் ஒங்களக் கேள்வி கேப்பாங்க."

"கேக்கட்டும். இந்த ஒவ்வொரு காயிதத்துலயும் கீழ கையெழுத்து யாருது? என்னுது. வாரக்கணக்கா பொய்யில கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருக்கேன்." ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். "வெளியில நிக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லணும். ஒங்க இயக்குநருக்கு ஒருத்தரும் பதில் சொல்லச் சொல்லல. போடு."

அம்சவல்லி உட்கார்ந்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகங்கள் பார்த்தன. திருத்திய கெர்னலை ஏற்றினாள். கணினியை அணைத்து மறுபடி தொடங்கினாள். திரை கறுத்தது. "போச்சு!" என்றார் எழுத்தர். தலைவர்களின் படங்கள் சரியான உயர வரிசையில் ஒவ்வொன்றாகத் தோன்றி மறைந்தன. பட்டா நிரல் திறந்தது.

"முதல்ல காளியம்மாள்" என்றார் மெஹராஜ் பேகம்.

"இல்ல மேடம். கூட்டம் இருந்தாத்தான் அந்தப் பிழை வரும். எல்லாரையும் வரச் சொல்லுங்க. ஒரே சமயத்துல போடுவோம்."

எழுத்தர்கள் எல்லாரும் ஒன்றாகத் தட்டினார்கள். அச்சு இயந்திரங்கள் ஒன்றாக இரைந்தன. இவ்வளவு நாளும் மெருகு நிரல் புகுந்து விளையாடியது இந்த நெரிசலில்தான். தாள்கள் விழுந்தன. நாகம்மாள் என்றது ஒன்று. இராஜாங்கம். மீரா சாகிப். பெண்கள் உயர்நிலைப் பள்ளி. காளியம்மாள். வெளியே ஒருவர் பெயரை ஒருவர் உரக்கப் படித்தார்கள். பஞ்சநதம் பெயரிலும் ஒரு தாள் வந்தது. அது உண்மையிலேயே அவர் வீட்டுக் கொல்லை.

மெஹராஜ் பேகம் முத்திரையை எடுத்துக் காளியம்மாளின் பட்டாவில் ஓங்கிக் குத்தினார். "ஓடு" என்றார்.

செம்பியநத்தத்தில் அறுப்பு மெஷின் வரப்போரம் உறுமிக்கொண்டு நின்றது. அதன் முன்னால் காளியம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றாள். அவளுக்குப் பின்னால் ஊரில் மிச்சமிருந்த பெண்கள். பஞ்சநதம் குடைக்கடியில் நின்று விளக்கிக்கொண்டிருந்தார்.

"நானா எழுதினேன்? மெஷின் எழுதிச்சு. இது அறிவியல் காலம். அறிவியல எதுத்து நிக்கலாமா காளியம்மா? நவுரு."

"எம் மேல ஏத்திட்டு அறுங்க" என்றாள் அவள்.

ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓட்டுநர் யாரையும் ஏற்றத் தயாராக இல்லை. மேலே உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அப்போது வேன் வந்தது. அம்சவல்லி இறங்கி வரப்பில் ஓடிவந்து தாளை அம்மாவிடம் கொடுத்தாள். காளியம்மாள் எழுத்துக் கூட்டினாள். இந்தத் தரம் ஒரே தடவை. பிறகு தாளைப் பஞ்சநதத்தின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"படிங்க. இதுவும் மெஷின் எழுதினதுதான்."

பஞ்சநதம் படித்தார். முத்திரையைத் தேய்த்துப் பார்த்தார். மை கையில் ஒட்டியது.

"இது செல்லாது" என்றார். "வாரியத்துல கேக்கணும்."

"கேளுங்க. போய்க் கேட்டுட்டு வாங்க" என்ற காளியம்மாள், மெஷினை அண்ணாந்து பார்த்தாள். "ஏப்பா, அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்துட்ட. சும்மாவா போவ? வடகோடியிலேர்ந்து எறக்கு. கதிர் உதிராம அறு."

ஓட்டுநர் ஒரு கணம் குடையைப் பார்த்தார், ஒரு கணம் பெண்களைப் பார்த்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கியரைப் போட்டார்.

அடுத்த வாரம் வாரியத்தில் விசாரணை. குற்றச்சாட்டுகளைத் தூக்கியசேவடியே படித்தார். அனுமதியின்றிக் கருவறைக்குள் நுழைந்தது; அரசால் பாராட்டப்பட்ட எதிர்பாராச் சிறப்பை அழித்தது; பொன்னாடையை மேசைமேல் வைத்தது. அம்சவல்லி எதிரே நின்றாள். அவளுக்கு நாற்காலி போடவில்லை. அவளே சுவரோரம் கிடந்த ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பிழை இருந்ததா என்பது இங்கே கேள்வியே அல்ல" என்றார் தூக்கியசேவடி. "பிழை இருந்தது என்றால் இந்த வாரியம் பொய் சொன்னது. பிழை இல்லை என்றால் நீ எதைத் திருத்தினாய்? இரண்டிலும் குற்றவாளி நீதான். சமூகநீதியின் பெயரால் உன்னை வேலைக்கு எடுத்தோம். அந்த நன்றி இல்லையே!"

"அத நீங்க எனக்குத் தரலிங்கய்யா. எங்க தாத்தா கை ஒடைஞ்சு வாங்குனது. நன்றி அவருக்குத்தான்."

அவர் குரலைத் தணித்தார். தாலுகா தாலுகாவாகத் தாசில்தார்கள் மெஹராஜ் பேகத்திடம் கேட்டு அந்தத் திருத்தத்தை வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். இப்போது டெல்டா முழுக்க அதுதான் ஓடுகிறது. அதைத் திரும்பப் பெற வேண்டும். கருவறைக் குழுவில் இருந்த மூன்று பேரும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள்: ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவர், வாரியத்தின் நுழைவாயில் வளைவைக் கட்டிய ஒப்பந்ததாரர் ஒருவர், இயக்குநரின் மைத்துனர் ஒருவர். கருவறையை எப்படித் திறப்பது என்று மூவருக்கும் தெரியவில்லை. சில நாளாகத் தேடிப் பார்த்திருந்தார்கள்.

"ஆகவே, அம்மா" என்றார் தூக்கியசேவடி, "நீயே உள்ளே போய் அதைப் பழையபடி ஆக்கிவிட்டு, மன்னிப்புக் கடிதம் கொடுத்துவிட்டால், உன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாம். இந்த ஒரு முறைக்கு மட்டும் கருவறைக்குள் போக அனுமதி தருகிறேன்."

அம்சவல்லிக்கு அவர்மேல் அந்த நேரத்தில் கோபம்கூட வரவில்லை. தான் கேட்டுக் கேட்டு நின்ற அனுமதி, தானாக மேசைமேல் வந்து விழுந்து கிடந்தது. எதற்கு? பிழையைத் திரும்ப வைப்பதற்கு.

"ஒங்க அனுமதி எனக்கு வேணாங்கய்யா" என்று எழுந்தாள். "உள்ள போனேன். சுத்தம் பண்ணேன். மறுபடி யாராச்சும் அசிங்கம் பண்ணினா மறுபடியும் போவேன். மன்னிப்பெல்லாம் எழுத மாட்டேன். பிழைன்னு வேணா எழுதித் தரேன், பெரிய எழுத்துல."

"வெளியே போனால் உன் பெயரை எல்லா ஆவணத்திலிருந்தும் நீக்கிவிடுவேன்!"

"நீக்குங்க. முழுசா நீக்குங்க. பாதியில விட்டுட்டு ஆள் மாத்தி ஆள் தலையில எழுதாதீங்க."

பேராசிரியர் சிரித்துவிட்டார். அது பதிவாகக் கூடாது என்று இயக்குநர் சொன்னார்.

அன்று மாலையே ஒப்பந்தம் ரத்தானது. அந்த மாதச் சாதனை மலரில், எதிர்பாராச் சிறப்பை வாரியம் தன் அயராத உழைப்பால் வெற்றிகரமாக நிறைவு செய்ததாக ஒரு பத்தி வந்தது. மெஹராஜ் பேகத்துக்கு விளக்கம் கேட்டு மெமோ போனது. பட்டா சரியாக வருகிறது, இதற்கு என்ன விளக்கம் வேண்டும் என்று அவர் திருப்பிக் கேட்டு எழுதினார். பதில் இன்னும் வரவில்லை.

ஒப்பந்தம் ரத்தான அன்று மாலை அம்சவல்லி நேராகக் கொள்முதல் நிலையத்துக்குப் போனாள். களத்தில் நெல் குவியல் குவியலாகக் கிடந்தது. காளியம்மாள் தன் குவியலுக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தாள். ஈரப்பதம் பார்க்கிறேன் என்று காலையிலிருந்து அவளைக் கடந்து கடந்து போய்க்கொண்டிருந்தார் எடைபோடும் ஊழியர்.

"வேல போச்சாடி?" என்றாள் காளியம்மாள்.

"போச்சு."

"சரி, ஒக்காரு. வேற வேல வரும்."

ஊழியர் கடைசியில் அவர்கள் குவியலுக்கு வந்தார். தாள்களைப் புரட்டினார். தாயையும் மகளையும் தாண்டி யாரையோ தேடினார்.

"பட்டாதாரர் யாரு? வீட்டு ஆம்பளைங்க ஒருத்தரும் வரலியா?"

காளியம்மாள் எழுந்து, புடவையில் ஒட்டிய உமியைத் தட்டினாள்.

"பட்டாதாரரே வந்திருக்கேன். மூட்டையத் தூக்கித் தராசுல வைங்க."